நனைந்த இடம் வேறு, கசிந்த இடம் வேறு

ஒரு மில்லிலீற்றர் தண்ணீர் ஏறக்குறைய இருபது சொட்டு. விநாடிக்கு ஒரு சொட்டு விழும் குழாய் ஒரு நாளில் 86,400 சொட்டை, அதாவது 4.3 லீற்றரை இழக்கும். வீட்டில் இது நடந்தால் வாளி வைத்துப் பிடிக்கலாம். மறந்தாலும் மாதக் கடைசியில் பில் கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். சாய்ந்தமருதிலோ மருதமுனையிலோ இருந்து ஆழ்கடலுக்குப் போய், முப்பது நாள் கழித்துக் கரை சேரும் பலநாள் படகில் அதே சொட்டு 130 லீற்றராகிவிடும். வெயிலில் வலை இழுக்கும் ஒருவர் நாளுக்கு மூன்று லீற்றர் குடிப்பார் என்று வைத்துக்கொண்டால், ஐந்து பேர் எட்டு நாளுக்கு மேல் குடிக்கும் தண்ணீர் அது.

சுற்றிலும் கடல் இருந்தும் பயனில்லை. கடல்நீரில் லீற்றருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்பு இருக்கிறது. நமது சிறுநீரகத்தால் உப்பை அவ்வளவு செறிவாக வெளியேற்ற முடியாது. லீற்றருக்கு 20 கிராம் அளவிலேயே அதன் சக்தி முடிந்துவிடுகிறது. ஒரு லீற்றர் கடல்நீரைக் குடித்தவர் அதன் உப்பைக் கழிக்க ஒன்றரை லீற்றருக்கு மேல் சிறுநீர் போக வேண்டும். குடித்ததைவிடக் கழிந்தது அதிகமாகி உடல் வற்றும்.

ஆகவே படகில் நன்னீருக்கும் கடல்நீருக்கும் வேலை பிரிக்கப்பட்டிருக்கிறது. பாத்திரம் கழுவ, தளம் கழுவ, உடம்பை நனைக்கக் கடல்நீர். வுழூச் செய்வதற்கும் கடல்நீர் போதும்; மார்க்கத்தில் அது தூய்மையான, தூய்மைப்படுத்தும் நீர். நன்னீர் குடிக்கவும் தேநீருக்கும் சோற்றுக்கும் மட்டும். மாரி காலமென்றால் மழையைப் பிடிக்கலாம். 1942இல் அத்திலாந்திக்கில் கப்பல் மூழ்கி, தெப்பத்தில் தனியே 133 நாள் மிதந்த சீன மாலுமி பூன் லிம், கையிருப்பு நீர் தீர்ந்தபின் உயிர்காப்பு அங்கியின் துணியில் மழைநீரைச் சேர்த்துத்தான் பிழைத்தார். ஆனால் நமது கிழக்குக் கரையின் நல்ல மீன்பிடிக் காலம் மழை குறைந்த காலம். கச்சான் அடிக்கும் மாதங்களில் வானத்தை நம்பித் தாங்கியைக் காலி செய்ய முடியாது.

கரைக்கு வந்து நிரப்பிக்கொள்வதும் இங்கே எளிதல்ல. மீன்பிடித் திணைக்களம் கல்முனையைத் தனி மீன்பிடி மாவட்டமாக வைத்திருக்கிறது. ஆனால் இந்த நீண்ட மணற்கரையில் இயற்கைத் துறைமுகம் இல்லை. சிறிய பைபர் படகுகளைக் கரையில் இழுத்து ஏற்றலாம். பெரிய படகு ஆழமான நீரில் நங்கூரமிட்டு நிற்க வேண்டும். டென்மார்க்கின் கடனுதவியுடன் கட்டப்பட்டு 2013இல் திறக்கப்பட்ட ஒலுவில் துறைமுகம் இந்தக் குறையைத் தீர்க்கும் என்று எதிர்பார்த்தார்கள். கரையோரமாக நகரும் மணல் அதன் வாயில் குவிந்தது. துறைமுகத்துக்கு வடக்கே ஒலுவில் கரையைக் கடல் அரித்தது. வாய் தூர்ந்த காலங்களில் பலநாள் படகுகள் வாழைச்சேனை போன்ற தூரத்துத் துறைகளைத் தேடிப் போக வேண்டியிருந்தது. நங்கூரத்தில் நிற்கும் படகுக்குத் தண்ணீரைக் கேனில் நிரப்பி, சிறு படகில் ஏற்றி, கையால் தூக்கி ஊற்ற வேண்டும். இப்படிச் சேர்த்த நீர் எங்கோ கண்ணுக்குத் தெரியாமல் ஒழுகினால், எங்கே என்று கண்டுபிடிப்பது எப்படி?

ஈரத்தைப் பார்த்த இடத்தில் ஓட்டையைத் தேடுவதே முதல் தவறு. பைபர் படகின் உள்ளே நெடுக்காகவும் குறுக்காகவும் தாங்குகட்டைகள் ஓடுகின்றன. சில இடங்களில் இரட்டைச் சுவர் இருக்கிறது. முன்பக்கத் தாங்கியின் பொருத்தில் வழியும் நீர் கட்டையோரமாக ஓடி, சுவருக்குப் பின்னால் இறங்கி, இயந்திர அறையின் அடிக்குழியில் தேங்கும். புறப்படும்போது டீசலும் ஐஸும் நிறைந்து ஒரு விதமாகச் சாய்ந்து நிற்கும் படகு, டீசல் தீரத்தீர வேறு விதமாகச் சாயும். தேங்கும் இடமும் மாறும். அடிக்குழியில் மிதவை விசையோடு தானாக ஓடும் பம்பி இருந்தால், அது கசிவின் அடையாளத்தையே கடலில் கொட்டிவிடும். கண்ணுக்குத் தெரியும் ஈரம் பயணத்தின் கடைசித் தரிப்பு. புறப்பட்ட இடத்தை அறியப் பிரித்துப் பிரித்துத்தான் போக வேண்டும்.

முதலில், எந்தத் தண்ணீர்?

ஒரு பலநாள் படகின் அடிக்குழிக்கு ஆறு வகை நீர் வரலாம். அடிப்பாகத்தின் வழியே கடல்நீர், தாங்கியிலிருந்து நன்னீர், மீன் அறையில் உருகிய ஐஸ்நீர், தளத்தின் வழியே மழைநீர், இயந்திரத்தைக் குளிர்விக்கும் மூடிய சுற்றின் நீர், குளிர்ந்த சுவர்களில் வியர்க்கும் காற்றின் ஈரம். எது வந்திருக்கிறது என்று தெரியாமல் குழாயைக் கழற்றத் தொடங்குவது வீண்வேலை.

விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்ப்பது பழைய வழக்கம். இன்றைய படகில் அது ஆபத்து. இயந்திரத்தின் குளிர்விப்பு நீரில் கலக்கும் எதிலீன் கிளைக்கோல் இனிக்கும் நஞ்சு. உப்புக் கரிக்கவில்லை, ஆகவே நல்ல தண்ணீர் என்று நாக்கு ஏமாந்துபோகும். தண்ணீர் வடிகட்டி விற்பவர்கள் வீடுவீடாகக் கொண்டுவரும் பேனா போன்ற டிடிஎஸ் மீற்றர் இதற்குப் போதும். அது உண்மையில் அளப்பது நீரின் மின்கடத்துதிறனை. கரைந்த உப்பு கூடினால் மின்சாரம் எளிதாகப் பாயும். நல்ல கிணற்றுநீர் சென்ரிமீற்றருக்குச் சில நூறு மைக்ரோசீமன் காட்டும். கடல்நீர் 50,000 அளவில் காட்டும். இடைவெளி இவ்வளவு பெரிதாக இருப்பதால் சந்தேகத்துக்கு இடமே இல்லை. ஆனால் அளக்குமுன் அடிக்குழியைத் துணியால் துடைத்துக் காயவைக்க வேண்டும். பழைய கடல்நீர் நூறில் ஒரு பங்கு கலந்திருந்தாலே புதிய நன்னீரின் கணக்கில் மேலும் 500 ஏறிவிடும்.

நன்னீர் என்று தெரிந்தபின் அது தாங்கியுடையதா, மழையுடையதா, ஐஸுடையதா என்பது அடுத்த கேள்வி. தாங்கியில் நிறம் கலந்தால் அது தீரும். மஸ்கட் கிண்டும்போது போடும் நிறப்பொடியில் கொஞ்சம் போதும்; உடம்புக்குக் கெடுதியில்லை. மறுநாள் அடிக்குழி நீரில் அந்த நிறம் வந்தால் தாங்கிதான் குற்றவாளி. வராவிட்டால், தாங்கியையும் அதன் குழாய்களையும் விட்டுவிட்டு மற்ற இடங்களைத் தேடலாம்.

மட்டம் சொல்லும் சாட்சி

நிறம் தாங்கியைக் காட்டிக்கொடுத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். தாங்கி ஒழுகுகிறதா, அதிலிருந்து போகும் குழாய் ஒழுகுகிறதா? தாங்கியின் வெளிவாயில் இருக்கும் வால்வை இரவில் மூடுங்கள். காலையில் மட்டம் இறங்கியிருந்தால் தாங்கி, இறங்காவிட்டால் குழாய். ஒரே வால்வு தேடலைப் பாதியாக்கிவிடுகிறது.

மட்டத்தை அளப்பதற்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும். ஒரு மீற்றர் நீளமும் ஒரு மீற்றர் அகலமும் கொண்ட தாங்கியில் ஒரு சென்ரிமீற்றர் இறங்கினால் பத்து லீற்றர் போயிற்று. விநாடிக்கு ஒரு சொட்டு போனால் நாளுக்கு நான்கு மில்லிமீற்றர்தான் இறங்கும். அலையில் உருளும் படகில் அதைக் கோல் விட்டு அளக்க முடியாது. காற்றில்லாத விடியற்காலையில், ஒரே சுமையோடு படகு நேராக நிற்கும்போது, சிறு விட்டமுள்ள குழாய்க்குள் கோலை இறக்கி அளக்க வேண்டும். ஒடுங்கிய குழாய் அலைவை அடக்கும். இரண்டு மூன்று நாள் அளவை எழுதி வைத்தால் போக்கு தெரியும்.

அந்தப் போக்கிலேயே ஓட்டையின் உயரமும் ஒளிந்திருக்கிறது. பதினேழாம் நூற்றாண்டில் கலிலியோவின் சீடர் தொரிச்செல்லி கண்டறிந்த விதி இது: துளையில் நீர் பாயும் வேகம் அதற்கு மேலிருக்கும் நீரின் உயரத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. ஒரு மில்லிமீற்றர் விட்டமுள்ள துளைக்கு மேல் ஒரு மீற்றர் நீர் இருந்தால் மணிக்கு ஏறக்குறைய ஏழரை லீற்றர் போகும். நீர் கால் மீற்றராகக் குறைந்தால் கசிவு பாதியாகும். மட்டம் துளையை எட்டியதும் கசிவு நின்றுவிடும். முதல் வாரம் வேகமாக இறங்கி, பிறகு மெதுவாகி, ஓர் உயரத்தில் அசையாமல் நிற்கும் மட்டம், ஓட்டை அந்த உயரத்தில்தான் என்று சொல்லிவிடுகிறது. ‘தாங்கி தானாகச் சரியாகிவிட்டது’ என்று மகிழ்ந்து மறுபடி நிரப்பினால், கசிவும் மறுபடி தொடங்கும். படகு ஒரு பக்கம் சாயும்போது மட்டும் ஒழுகினால், எந்தப் பக்கம் என்பதும் தெரிந்துவிடும்.

சில நேரம் ஓட்டையே இல்லாமலும் தாங்கி நீரை இழக்கும். நீர் குறையும்போது உள்ளே காற்று வருவதற்காக ஒரு சிறு குழாய் விட்டிருப்பார்கள். படகு உருளும்போது தாங்கிக்குள் நீர் அடித்து மோதி அந்தக் காற்றுக்குழாய் வழியே வெளியே தெறிக்கும். தளத்தில் அலை ஏறினால் அதே வழியில் கடல்நீர் உள்ளே போகும். குழாயை உயர்த்தி, முனையைக் கீழ்நோக்கி வளைத்துவிடுவதே இதற்கு மருந்து. அடைத்துவிடக் கூடாது. காற்று வராத தாங்கியிலிருந்து பம்பி உறிஞ்சினால் தாங்கியின் சுவர் உள்வாங்கி, பொருத்துகள் புதிதாகப் பிளக்கும்.

அவசரத்தில் சிலர் செய்யும் இன்னொரு காரியம், தாங்கிக்குள் கொம்பிரசர் காற்றை அடித்துச் சோப்புநீர் பூசிக் குமிழி தேடுவது. குழாய்க்கு இந்தச் சோதனை சரி. தாங்கிக்கு ஆகாது. கார் டயரில் இருக்கும் அழுத்தத்தின் இருபதில் ஒரு பங்கு, அதாவது 0.1 பார், ஒரு சதுர மீற்றர் சுவரை ஏறக்குறைய ஒரு தொன் எடைக்குச் சமமான விசையோடு தள்ளும். சமனான சுவருள்ள தாங்கி அதில் வீங்கி வெடித்துவிடும்.

குழாயும் பம்பியும்

மேலே வைத்த தாங்கியிலிருந்து தானாக இறங்கும் நீர் பழைய முறை. இப்போது 12 வோல்ட் பம்பி அழுத்தத்தோடு நீரைத் தள்ளுகிறது. பைப்பைத் திறந்தால் ஓடும், மூடினால் அழுத்தம் ஏறித் தானாக நிற்கும். வசதிதான். ஆனால் இரண்டு பார் அழுத்தத்தில், மேலே சொன்ன அதே ஒரு மில்லிமீற்றர் துளை மணிக்கு 34 லீற்றர் கக்கும். தேவையற்ற நேரத்தில் பம்பியின் சுவிட்சை நிறுத்தி வைப்பதே கசிவைக் குறைக்கும் மிக மலிவான வழி.

இந்தப் பம்பி நல்ல காவற்காரனும்கூட. “காக்கா, யாரும் பைப்பைத் திறக்கல்ல, பம்பி சும்மா சும்மா ஓடுது” என்று இரவில் ஒருவர் சொன்னால் எழுந்து பார்க்க வேண்டும். எல்லாம் மூடியிருக்கும்போது பம்பி இடைவிட்டு ஓடுவது, அழுத்தம் எங்கோ கழிகிறது என்பதற்கு அடையாளம். பம்பியை அடுத்துள்ள வால்வை மூடுங்கள். அப்போதும் ஓடினால் குற்றம் பம்பியின் உள்வால்வில். நீர் தாங்கிக்கே திரும்பிப் போகிறது, வீணாகவில்லை. நின்றுவிட்டால் ஒழுக்கு வால்வுக்கு அப்பால் இருக்கிறது. அப்பாலுள்ள குழாயைப் பாதியில் மூடிப் பாருங்கள். பிறகு அந்தப் பாதியின் பாதியில். எட்டுத் துண்டுகள் உள்ள குழாய்த்தொகுதியில் மூன்றே தடவை மூடினால் குற்றமுள்ள துண்டு பிடிபடும்.

பம்பி நிற்காமல் ஓடி, பைப்பில் காற்றும் நீருமாகத் துப்பினால் கதை வேறு. தாங்கிக்கும் பம்பிக்கும் இடையே, உறிஞ்சும் பக்கத்தில் பொருத்து தளர்ந்திருக்கிறது. அங்கே பம்பி ஓடும்போது நீர் வெளியே சொட்டாது. வெளிக்காற்று உள்ளே போகும். அந்தப் பொருத்து அடிக்குழி நீரில் மூழ்கியிருந்தால் காற்றுக்குப் பதில் டீசலும் மீன்கழிவும் கலந்த நீர் குடிநீர்க் குழாய்க்குள் போகும். தண்ணீர் குறைவதைவிட இது பெரிய கேடு. வயிற்றுப்போக்கோடு கடலில் இருக்கும் ஒருவருக்கு இருமடங்கு நீர் வேண்டும்.

துண்டு பிடிபட்டபின்தான் கண்ணுக்கும் கைக்கும் வேலை. எல்லாவற்றையும் காயத் துடைத்து, ஒவ்வொரு பொருத்தின் கீழும் ரிஷூ தாளைச் சுற்றிவிட வேண்டும்; அல்லது முகப்பவுடரைத் தூவ வேண்டும். சொட்டு போன தடம் பவுடரில் கோடாகத் தெரியும். அந்தக் கோட்டின் மேல்நுனியில் ஓட்டை இருக்கும்.

ஐஸ் அறையின் பொய்யும் மெய்யும்

மீன் அறையின் வெளிச்சுவர் எப்போதும் நனைந்திருக்கும். பாதி நேரம் அது கசிவே அல்ல. காற்று 30 பாகை வெப்பமும் 80 வீத ஈரப்பதமுமாக இருக்கும் நாளில், 26 பாகைக்குக் கீழுள்ள எந்தப் பரப்பிலும் ஈரம் படியும். ஐஸ் சுவர் அதைவிடக் குளிர்ந்தது. சந்தேகமான இடத்தைத் துடைத்து, பிளாஸ்டிக் தாளொன்றை நான்கு ஓரமும் ஒட்டிவிடுங்கள். சில மணி நேரத்தில் தாளின் வெளிப்பக்கம் நனைந்தால் காற்றின் ஈரம்; உட்பக்கம் நனைந்தால் சுவருக்குள்ளிருந்து வரும் நீர்.

உட்பக்கம் நனைந்தால் கவலைப்பட வேண்டும். அறையின் சுவருக்குள் வெப்பத்தைத் தடுக்கப் பொலியூரித்தேன் நுரை நிரப்பியிருக்கிறார்கள். நுரையின் சக்தி அதற்குள் அடைபட்ட வாயுவில் இருக்கிறது. உள்பூச்சில் வெடிப்பு விழுந்து உருகிய ஐஸ்நீர் அதற்குள் ஊறினால், வாயுவின் இடத்தை நீர் பிடிக்கும். நீர் அந்த நுரையைவிட இருபது மடங்குக்கு மேல் வெப்பத்தைக் கடத்தும். வெப்பம் கூடுதலாகப் புக, ஐஸ் விரைவாக உருகும். உருகிய நீர் மேலும் நுரைக்குள் போகும். ஒரு வெடிப்பு தன்னைத்தானே வளர்த்துக்கொள்கிறது. குடிநீர் கசிந்தால் தாகம். ஐஸ்நீர் கசிந்தால் பயணத்தின் கடைசி வாரத்தில் பிடித்த சூரை தரமிழந்து விலை விழுகிறது. சுவரைத் தட்டிப் பார்த்தால் நனைந்த இடம் மந்தமாக ஒலிக்கும். ஊறிய நுரையைக் காயவைக்க முயன்று பயனில்லை. வெட்டியெடுத்துப் புதிதாக நிரப்ப வேண்டும்.

அடைப்பது

கண்டுபிடித்தபின் பழுதுபார்ப்பு பெரும்பாலும் சிறு வேலை. கடினமான பிவிசி குழாயை அதிரும் பம்பியோடு நேராகப் பொருத்தியதே பல கசிவுகளுக்குக் காரணம். அசைவதும் அசையாததும் சேரும் இடத்தில்தான் பொருத்து பிளக்கும். பம்பியின் இருபுறமும் ஒரு முழம் நெகிழ்குழாய் இட்டால் அதிர்வு அதில் அடங்கும். துருப்பிடிக்காது என்று வாங்கிய கிளிப்பின் பட்டை நன்றாக இருக்க, அதன் திருகாணி சாதாரண இரும்பாக இருந்து துருவேறும்; காந்தம் வைத்துப் பார்த்து வாங்குவது நல்லது. பிளாஸ்டிக் மரையை மிகவும் இறுக்கினால் வெளிப்பகுதி வெடித்துக் கசிவு கூடும்.

தாங்கி பொலித்தீன் வகையென்றால் எந்தப் பசையும் அதில் நிலைக்காது. அதே பிளாஸ்டிக் கம்பியை உருக்கித்தான் ஒட்ட வேண்டும். பைபர் தாங்கியென்றால் வெடிப்பைச் சுற்றி அகலமாகத் தேய்த்துச் சரிவாக்க வேண்டும். சுவரின் தடிப்பு ஆறு மில்லிமீற்றரென்றால் ஒவ்வொரு பக்கமும் ஏழு சென்ரிமீற்றர். நன்றாகக் காய்ந்தபின் எபொக்சியும் கண்ணாடியிழையும் இட வேண்டும். பழைய பைபரில் பொலியெஸ்டர் பிசினைவிட எபொக்சி உறுதியாகப் பிடிக்கும். அவசரத்துக்குச் சிலிக்கனைப் பூசிவிட்டால் பிறகு எந்தப் பிசினும் அங்கே ஒட்டாது.

வேலை முடிந்ததும் தாங்கியைச் சுத்தப்படுத்த, ஆயிரம் லீற்றர் நீருக்கு ஐந்து வீதச் செறிவுள்ள, வாசனையற்ற வெளுப்புத் திரவம் ஒரு லீற்றர் சேர்த்து, பைப்புகளையும் திறந்து ஓடவிட்டு, ஓரிரவு வைத்துக் கொட்டிக் கழுவ வேண்டும்.

இவ்வளவும் செய்தபின்னும் நடுக்கடலில் புதிய ஓட்டை விழலாம். பாய்க்கப்பல் காலத்தில் நீரை மரப்பீப்பாய்களில் கொண்டுபோனார்கள். பீப்பாய் எப்போதும் ஒழுகும், நீரும் நாறும். ஆயினும் ஒன்று ஒழுகினால் ஒன்றுதான் போகும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரித்தானியக் கடற்படை இரும்புத் தாங்கிகளுக்கு மாறியபோது நீர் நல்லதாயிற்று. இன்றைய படகில் ஒரே பெரிய தாங்கியும் அதில் ஒரே குழாயும் இருந்தால், ஒரு கிளிப் கழன்ற இரவில் எல்லாம் போய்விடும். நீரில் மூன்றில் ஒரு பங்கையாவது எந்தக் குழாயோடும் தொடர்பில்லாத கேன்களில் வைத்திருப்பது பீப்பாயின் பாதுகாப்பைத் திரும்பத் தருகிறது.

படகு கட்டும்போதே தாங்கியை இரண்டாகப் பிரித்து, ஒவ்வொரு கிளைக்கும் ஒரு வால்வு வைத்து, குழாய்களைச் சுவருக்குப் பின்னால் மறைக்காமல் கைபடும்படி ஓட்டினால் ஆகும் கூடுதல் செலவு ஒரு நடைக்கு ஏற்றும் டீசலின் விலையோடு ஒப்பிடச் சிறிது. முதலாளிமார் புதுப் படகுக்குச் சொல்லும்போது இயந்திரத்தின் குதிரைவலுவைப் பற்றி நீண்ட நேரம் பேசுகிறார்கள். தண்ணீர் வால்வுகள் எத்தனை, அவை எங்கே என்று கேட்பதற்கும் அந்தப் பேச்சில் இடம் வேண்டும். கடலில் கசிவைத் தேடப்போகிறவர்கள் கரையில் வைத்த அந்த வால்வுகளைக் கொண்டுதான் தேடுவார்கள்.